துரையைக் கிடையில் விட்ட ஐப்பசி

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு எல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிச்சல்.

ராயகிரியிலிருந்து சம்பந்தியம்மாள் வந்தார்கள். கோமதிக்கு ஏழாம் மாதம். இருபதாம் தேதி வியாழக்கிழமை அங்கே வளைகாப்பு, அன்றைக்கே அவளை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று நாள் பார்த்துச் சொன்னார்கள். முதல் பேறுகாலம் தாய்வீட்டில்தானே. சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது, "மதினி, எங்க பசு கன்னு போட்டிருக்கு. பருத்திக்கொட்ட கெடந்தா ஒரு பை குடுங்களேன்" என்றார்கள். கோமதி அப்பா பேக்டரியில் வாங்கிப் போட்டது பின்பக்கச் சாய்ப்பில் ஒரு மூட்டை கிடக்கிறது. இப்போது நமக்கு மாடு ஏது. நானே அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்தேன். அந்த நேரம் எனக்குப் புத்தி எங்கே போனது? பருத்திக்கொட்டைப் பையோடு துரை முன்னால் ஒரு ஆளை நடக்க விடலாமா?

கட்டித்தான் போட்டிருந்தேன். கயிறு அறுந்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்துவிட்டது. "ஏ ஆத்தா, என்னக் கொன்னுட்டே" என்று ஒரே அலறல். பை கீழே விழுந்ததும் துரை காலை விட்டுவிட்டது. பை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நல்ல வேலை பார்த்த மாதிரி.

சோப்புப் போட்டுக் கழுவி, கோயில் புற்று மண் குழைத்துப் பூசி, குதிரைவண்டி வைத்து ஆஸ்பத்திரி. டாக்டர் சொன்னது: "வீட்டு நாய்தானேம்மா? பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. நாய் நல்லா இருந்தா இவங்களும் நல்லா இருப்பாங்க. அது செத்தாலோ ஓடிப்போனாலோ உடனே இங்க வந்துரணும். தொப்புளச் சுத்தி ஊசி போடணும்."

பஸ் ஏற்றிவிடும்போது சம்பந்தியம்மாள் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. "மதினி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்த நாய் இருக்க வீட்டுக்கு வயித்துப்பிள்ளக்காரிய நான் அனுப்ப மாட்டேன். பேறுகாலத்த நாங்களே பாத்துக்கிடுதோம்."

தாய் இல்லாத பிள்ளைக்குத்தான் அப்படிப் பார்ப்பார்கள். அவள் அப்பா போய் ஆறு மாதம். அம்மாவும் இல்லை என்று ஆகிவிடுமா.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. புதுக் கயிறு வாங்கி இரட்டையாய்ப் போட்டுக் கட்டினேன். கயிற்றை மோந்து பார்த்துவிட்டு என் கையை நக்கியது.

துரை கடிக்காது என்று எழுதினால் பொய். ஆனால் வாசலுக்குள் வருகிற யாரையும் அது ஒன்றும் செய்யாது. எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். கோமதி அப்பா ஜின்னிங் பேக்டரியில் வாட்ச்மேன். பஞ்சுப் பொதிக்குள் கிடந்த குட்டியை எடுத்து அப்படிப் பழக்கிவிட்டார். சாயங்காலம் சங்கு ஊதினதும் பொம்பளைகள் வரிசையாய் வந்து, துரை முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுப் போவார்கள். மடியில் ஒரு பிடி பஞ்சு இருந்தாலும் சேலையைக் கவ்விக்கொள்ளும். முதலாளி கூட அதைப் பார்த்தால் கையை விரித்துக் காட்டுவாராம். கோமதி அப்பா அப்படிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். பக்கத்து வீட்டுப் பிச்சம்மா சீனி கேட்டால் டம்ளரை நான்தான் சுவருக்கு மேலே நீட்டணும். தபால்காரர் தெருவிலேயே நின்று கூப்பிடுவார். பையோடு உள்ளே வந்தால் பையோடு திரும்ப முடியாதே.

பிச்சம்மா இன்றைக்கும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏட்டி, மகளா நாயா? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

அரிசி களைந்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்றிருக்கிறேன். உலை கொதித்துப் பாதி வற்றிவிட்டது.

ஐப்பசி 6, வியாழன்

மூட்டம். முழங்கால் வலி.

ராயகிரி பஸ் நம் தெரு முனையில் நிற்கும். கண்டக்டர் பையன் படியில் தொங்கிக்கொண்டே, "யக்கா! ராயகிரி அம்மா கேக்கச் சொன்னாவ. நாய் சோறு தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"தண்ணி?"

"குடிச்சுச்சு."

"வால ஆட்டுதா?"

"ஆட்டுது, ஆட்டுது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. உள்ளே இருந்த ஒரு கிழவர், "ஏலே, நாய்க்கு மாப்பிள்ள பாக்காவளா?" என்கிறார். பஸ் நகரும்போது பையன் கத்துகிறான், "என் உசுரு உங்க நாய் கையில இருக்கு, நல்லாக் கவனிச்சுக்கிடச் சொல்லுன்னாவ!"

சிரித்துவிட்டேன். வாய்விட்டு. வீட்டுக்குள் வந்த பிறகும் சிரிப்பு. அப்புறம்தான் நினைவு வந்தது, சித்திரைக்குப் பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லை. யாரிடம் போய் இதைச் சொல்லுவேன்? இந்த மாதிரிக் கதை என்றால் கோ. அப்பா பத்துத் தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுவார்.

துரைக்கு ஒரு முட்டை. சம்பந்தியம்மாள் பேரில்.

ஐப்பசி 9, ஞாயிறு. தீபாவளி

நமக்கு இந்த வருசம் இல்லை. எண்ணெய் தேய்க்கவில்லை, சட்டி வைக்கவில்லை. பிச்சம்மா அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் வெறுங்கையாத்தான் போறேன் துரைவாள், பாத்துக்கிடும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். அவள் வாய்தான் அப்படி. மனசு நல்லது.

விடியற்காலையிலிருந்து வெடி. துரைக்கு வெடி ஆகாது. அவிழ்த்து உள்ளே விட்டேன். கோ. அப்பா கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு கிடக்கிறது. உடம்பு நடுங்குகிறது. இந்தப் பயந்தாங்கொள்ளியையா ஊரே பார்த்துப் பயப்படுகிறது?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அவருக்கு மார்வலி. பேக்டரி கேட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வரப் பார்த்திருக்கிறார்கள். துரை விடவில்லை. மேஸ்திரி கையில் கடி. தூக்கினவர்கள் கீழே வைத்துவிட்டு விலகிவிட்டார்கள். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், கேட்டைத் தாண்டி எதையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்த பிறகுதான் அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முன்ன கொண்டாந்திருக்கக் கூடாதா" என்றார்கள். சொன்னது யார் என்று முகம் கூட நினைவில்லை.

நாய்தான் கொன்றது என்று பேக்டரியில் பேச்சு. கோமதி மனசிலும் அது உண்டு. என்னிடம் சொன்னதில்லை. எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். ஒரு நாள் சோறு வைக்காமல் இருந்து பார்த்தேன். கேட்கவே இல்லை. அவர் காக்கிச் சட்டை மேல் தலையை வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தது. பொழுது சாயும்போது நானே பிசைந்து வைத்தேன். நானும் அப்போதுதான் சாப்பிட்டேன்.

அவரைப் போக விடமாட்டேன் என்று நின்றது அது ஒன்றுதான். நான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன்.

ஐப்பசி 13, வியாழன்

நல்ல மழை. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகல். ஒரு வாளி, ஒரு அண்டா.

கண்டக்டர் பையன் நனைந்துகொண்டே, "யக்கா, கெடு முடிஞ்சுட்டாம். அம்மா பிள்ளையாருக்கு விடலத் தேங்கா போட்டாச்சாம்" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இருபதாந் தேதிக்கு முன்ன நாய்க்கு ஒரு வழி செஞ்சாத்தான் மருமகள அனுப்புவேன்னு சொல்லச் சொன்னாவ."

துரைக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் அது இருக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.

பிச்சம்மா: "முனிசிபாலிட்டியில ஒரு வார்த்த சொன்னாப் போதும், வந்து பிடிச்சுட்டுப் போயிருவாவ." பிடித்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்து உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். அவள் பிறந்த ஊர்க்காரர் ஒருவர், மாடசாமி, பனவடலிசத்திரம் பக்கம். ஆட்டுக்கிடை போடுகிறவர், ராத்திரிக்குப் புஞ்சை புஞ்சையாய் ஆட்டை அடைக்கிறவர். இப்போது கிடை நம் ஊருக்கு வெளியே ஒரு புஞ்சையில் கிடக்கிறதாம். நல்ல நாய் தேடுகிறாராம்.

மத்தியானமே மாடசாமி வந்தார். மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி. துரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கடிக்குமாக்கா?"

"கடிக்கும்."

"யாரக் கடிக்கும்?"

"எதையாச்சும் தூக்கிட்டுப் போறவங்கள."

"அட, எனக்கு வேற என்ன வேணும்! ராத்திரி ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே ஆளு அலையுதாம்லா." சிரித்தார். கிடை இடம் மாறுவதற்குள் கொண்டுவந்து விடச் சொன்னார். இங்கிருந்து அவர் இழுத்துக்கொண்டு போனால் வராது, பழகின கைதான் கூட்டி வரணுமாம்.

சரி என்று சொன்னது என் வாய்தான்.

ஐப்பசி 15, சனி

மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் சகதி.

துரைக்கு: கறி கால் கிலோ, சோறு, கடைசியில் கொஞ்சம் தயிர். தயிர் பிடிக்கும். குளிப்பாட்டினேன். உதறி என் சேலையெல்லாம் நனைத்துவிட்டது. இதெல்லாம் எதற்கு என்று அதற்கு விளங்கவில்லை. சந்தோசம்.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். கிடைக்குப் போகிற வழியில்தான் பேக்டரி. வேறு வழி இருந்தால் சுற்றிப் போயிருப்பேன். கேட் தெரிந்ததுமே இழுத்துக்கொண்டு ஓடியது. எப்போதும் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் வரவில்லை. கெஞ்சினேன், வரவில்லை. புது வாட்ச்மேன் எட்டி நின்றுகொண்டு, "யம்மா, கயித்த விட்றாதீங்க" என்கிறார். நானும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

சங்கு ஊதியது.

பொம்பளைகள் வந்தார்கள். முன்னால் வந்தவள் துரையைப் பார்த்ததும் நின்றாள். பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. "ஏட்டி, துரை வந்திருக்கு" என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் மடியை எடுத்து உதறினாள். துரை மோந்து பார்த்தது. போனாள். அடுத்தவள் உதறினாள். அதற்கு அடுத்தவள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சில பேர் மடியை உதறிவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "வாட்ச்மேன் அண்ணாச்சியே உக்காந்திருக்க மாதிரி இருக்குக்கா" என்றாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

கடைசி ஆள் போய்க் கேட்டைச் சாத்தினதும் துரை தானே எழுந்தது. சோம்பல் முறித்தது. என் கூட வந்தது. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

புஞ்சையில் மாடசாமி முளை அடித்து வைத்திருந்தார். நான்தான் கட்டினேன். முடிச்சு போடும்போது கையை நக்கிக்கொண்டே இருந்தது. "திரும்பிப் பாக்காமப் போங்கக்கா" என்றார். பார்க்கவில்லை. குரைக்கும், ஊளையிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் போட்டிருந்தால் தேவலை.

ஐப்பசி 20, வியாழன்

புளியோதரை, தயிர்ச்சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல். கட்டுச்சோறு ஐந்து தூக்கில் கொண்டுபோனோம். நானும் பிச்சம்மாவும் வாடகைக் காரில்.

வளை போடும்போது நான் முன்னால் நிற்கக்கூடாது. அடுப்படியில் நின்றேன். வளையல் சத்தம் கேட்டது. கோமதி, "அம்மா எங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிச்சம்மா என் பங்குக்கும் சேர்த்து இரண்டு சோடி போட்டுவிட்டு வந்து சொன்னாள்.

சம்பந்தியம்மாள் நொண்டிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்கள். "மதினி, நாய எங்க விட்டீங்க?" சொன்னேன். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "பத்து நாளா அது நல்லா இருக்கணும்னு வேண்டி வேண்டி... இப்பவும் காலையில எந்திரிச்சா, அது சோறு தின்னுருக்குமான்னுதான் மொதல்ல தோணுது. கூறுகெட்ட மனசு." என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இருட்டுமுன் வீடு வந்தோம். கோமதி நேரே பின்வாசலுக்குப் போனாள். வெறும் முளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் எனக்குத் தெரியவில்லை.

"நல்ல வேல செஞ்சம்மா. அது அன்னைக்கே போயிருக்கணும்."

ம் என்றேன். பால் காய்ச்சிக் கொடுத்தேன். மேல்மூச்சு வாங்குகிறாள். கால் வீங்கியிருக்கிறது. நன்றாகத் தூங்குகிறாள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அது போதும்.

ஐப்பசி 26, புதன்

காலையில் வெயில், பிறகு மூட்டம். கோமதிக்கு மாங்காய் இஞ்சி வேண்டுமாம். சீரகம், பூண்டு, பனங்கற்கண்டு வாங்கணும்.

பதினோரு மணி போல மாடசாமி வந்தார். ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தவர். கிடையைப் பனவடலிப் பக்கம் மாற்றியாயிற்றாம். கோமதி உள்ளே படுத்திருந்தாள். வாசலில் நின்றே பேசினோம்.

"மொத ரெண்டு நாள் வாயில ஒண்ணும் வைக்கலக்கா. செத்துப்போயிருமோன்னு பயந்துட்டேன்."

"இப்ப?"

"இப்ப என்ன! கம்பங்கஞ்சிய ஒரே உறிஞ்சு. எம் பொண்டாட்டி பின்னாலயே திரியுது. அவ படுத்தா அவ கால்மாட்டுல படுக்குது. ஒரு குட்டி வெளிய போகல பாத்துக்கிடுங்க."

நல்லது என்றேன். நிசமாகவே நல்லதுதான். மோர் கொடுத்தேன், குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார், "துரைன்னு கூப்பிட அவளுக்கு ஒரு மாதிரி இருக்காம். வேற பேரு வச்சுட்டா. அந்தப் பேரச் சொன்னாப் போதும், எங்க நின்னாலும் ஓடி வந்துருது."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.