லாக்கரில் கிடக்கும் பிஸ்கட் டப்பா

என் வெள்ளிக்கிழமைகளுக்குத் துணையாக இருந்த அத்தானுக்கு,

உங்கள் பிஸ்கட் டப்பா இப்போது ஊரில் பாங்க் லாக்கரில் இருக்கிறது. அக்காவின் காசு மாலைக்குப் பக்கத்தில். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் எனக்குப் பழைய சாமான் கடை. ஜுஃபைர் பக்கம் குடியிருக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை மொத்தமாக விலை பேசி எடுப்பேன். கம்பெனி பஸ் ஓட்டிய நீங்கள், லீவு நாளில் எனக்குக் கை கொடுக்க வருவீர்கள். நான் ஃப்ரிட்ஜையும் சோபாவையும் பார்ப்பேன். நீங்கள் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் பேஸ்பால் அட்டைகளைப் பொறுக்கி அந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வீர்கள்.

எல்லாம் அவர்களுடைய அப்பா காலத்து அட்டைகள். முன்பக்கம் ஆட்டக்காரனின் படம், பின்பக்கம் அவன் கதை. பேர் பெற்றவர்களை வீட்டுக்காரர்கள் பத்திரமாக எடுத்துப் போய்விடுவார்கள். உங்கள் கைக்கு வந்ததெல்லாம் ஒரு சீசன், அரை சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்கள். அந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்றுகூட நம் இருவருக்கும் தெரியாது. ஆனாலும் பின்பக்கத்தை நான் தமிழில் சொல்லியாக வேண்டும். இவர் குளிர்காலத்தில் தச்சு வேலை பார்க்கிறார். இவர் மாமனார் பண்ணையில் மாடு மேய்க்கிறார்.

"இவனும் நம்மள மாதிரிதான் மாப்ளே. சீசன் முடிஞ்சா வேற சோலிக்குப் போணும்" என்பீர்கள்.

ஒருமுறை பெரிய ஆட்டக்காரன் ஒருவனுடைய அட்டையும் தப்பி வந்தது. அதை என்னிடம் நீட்டி விற்றுக்கொள்ளச் சொன்னீர்கள். "இவன ஒலகத்துக்கே தெரியும். நான் எதுக்கு வச்சிக்கிட்டு?"

நீங்கள் போன அன்று காலை, ஆட்களை சைட்டில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிட்டீர்கள். லேபர் கேம்பில் உங்களோடு தங்கியிருந்தவர்கள் வழக்கப்படி உங்கள் சாமானைப் பெட்டியில் கட்டினார்கள். செத்தவர் பொருளில் ஒரு சோப்புத் துண்டுகூட ரூமில் தங்கக் கூடாது, எல்லாம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. டப்பாவும் போயிற்று. வீட்டில் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஊரில் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது அக்காவிடம் கேட்டேன். வேறு எதுவும் வேண்டாம், அந்த டப்பா மட்டும் போதும் என்றேன். அவள் எடுக்க எழுந்துவிட்டாள், அத்தான். உங்கள் மகன் செந்தில்தான் குறுக்கே பேசினான்.

"மாமா சும்மா எதையும் கேக்க மாட்டாங்களேம்மா."

உடனே போனைத் தட்டினான். இப்படி ஒரு அட்டை கோடிக்கணக்கில் போயிருக்கிறது என்று காட்டினான். அது பேர் பெற்றவனுடையது, அப்பா வைத்திருப்பது யாருக்கும் தெரியாதவர்களுடையது, விலையே கிடையாது என்று பொறுமையாகச் சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கு எதுக்கு மாமா?"

என்ன சொல்வேன்? உன் அப்பாவுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான் என்று நாலு பேர் மத்தியில் சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. அதற்குத் தெரிந்த பேச்சைப் பேசியது. விலை போட்டே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதோடு முடிந்தது. அக்காவே டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"என் தம்பி ஒரு வெல சொல்லுதாம்னா, அது பத்து மடங்கு போவும்லா."

என் சாமர்த்தியத்தைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்ன அதே வாய். அவள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உங்கள்மேலும் இருக்கிறது. தினமும் வீட்டுக்குப் போன் பேசினீர்களே, இது மச்சினனுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதைவிட, கூடப்பிறந்தவளே நம்பாத அளவுக்கு நான் எப்போது வியாபாரி ஆனேன்?

செந்தில் அட்டைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டான். ஒருவர் கேட்கவில்லை. விலை இல்லை என்று அப்போதும் அவனுக்குப் புரியவில்லை, மாமா எதையோ மறைக்கிறார் என்றுதான் புரிந்திருக்கிறது. பீரோவில் இருந்த டப்பா லாக்கருக்குப் போனது அதற்குப் பிறகுதான். போன வாரம் நலம்கூட விசாரிக்காமல் ஒரு செய்தி: "மாமா, கடைசி விலை என்ன?"

அதே வாரம் ஜுஃபைரில் ஒரு வீட்டைக் காலி செய்தோம். கட்டிலுக்கு அடியில் ஒரே ஒரு அட்டை. பெரிய மீசைக்காரன், பேர் வாயில் நுழையவில்லை. பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ஆட்டம் இல்லாத மாதங்களில் பஸ் ஓட்டுகிறாராம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். யாருக்குப் படித்துச் சொல்ல?

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். பிழைப்புக்காக எத்தனையோ பேர் வீட்டுப் பொருளைக் குறை சொல்லியிருக்கிறேன், கட்டில் ஆடுகிறது, ஃப்ரிட்ஜில் காஸ் இல்லை என்று. உங்கள் பொருளை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இந்த முறை சொல்வேன். அந்த டப்பாவை லாக்கரிலிருந்து எடுத்துவந்து கூடத்தில் எல்லார் முன்னாலும் திறக்கச் சொல்லி, இதைப் போய்க் கேட்டேனே, வெறும் குப்பை, எனக்கு வேண்டாம் என்று முகத்தைச் சுளிப்பேன். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள் எரிச்சலில் அதை வெளியே வீசும் நாளில், குப்பை வண்டிக்கு முன்னால் நான் அங்கே நிற்பேன். மீசைக்காரனையும் கூடவே கொண்டுவருகிறேன்.

உங்களுக்குப் படித்துச் சொல்ல இன்னும் ஒரு அட்டை பாக்கி வைத்திருக்கும்,
உங்கள் மச்சினன்.