பலகையில் இல்லாத பதினொரு விதிகள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

பால்மாப் பெட்டியை முழுவதும் வாசித்து முடித்தேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. "உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் சரவணையில் உலர்ந்த இடம் எத்தனையும் உண்டு. குளிர்ச்சியான இடத்தை அவர்களே வந்து காட்டட்டும்.

எழுபத்திரண்டு வருடமாக, எழுதத் தெரிந்தவர்களைப் பெரிய ஆட்கள் என்று நினைத்திருந்தேன். போன வருடம்தான் யூலியானா ரீச்சரின் முதியோர் வகுப்பில் எழுத்துப் பழகினேன். இப்போது அவர்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். இதற்காகவா இவ்வளவு காலமும் அவர்களுக்குக் கதிரையை விட்டு எழும்பினேன்?

பெப்ரவரி 13

பக்கத்து வீட்டு அரியநாயகத்தின் படலையில் "நாய் கவனம்" என்று இருக்கிறது. நாய் செத்து நான்கு வருடம்.

பெப்ரவரி 17, திங்கள்

மகள் தர்சனா காலை எட்டு மணிக்கு லப்டொப்புக்கு முன்னால் இருந்தாள் என்றால் மத்தியானம்தான் எழும்புவாள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கும் தாய் தகப்பனுக்கு மருந்து வாங்கி அனுப்புகிற கம்பனி. என்ன வேலை என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் எனக்கு வாசிக்கத் தெரியாததும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று முந்திப் பயம். இன்று துணிந்து கேட்டேன்.

"லண்டன் கம்பனியள் எங்கட கொம்பியூட்டருக்கு ஓடர் அனுப்புவினம், அப்பா. அது ஒழுங்கா நிரப்பியிருக்கோ எண்டு பாக்கிறதுக்கு விதியள் இருக்கு. பேர் இருக்கவேணும், போன் நம்பர் பத்து இலக்கம், அப்பிடி. பிழையெண்டால் திருப்பிவிடும்."

"கதவில நிக்கிற ஆள் மாதிரி."

"ஓம், ஓம்."

"என்ன மாதிரி நிரப்பவேணும் எண்டு அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

"அதுக்கொரு ஆவணம் இருக்கு. பிரவீனன் மூண்டு வருசத்துக்கு முதல் கையால எழுதினது. அதுக்குப் பிறகு விதியள் நூறு தரம் மாறிட்டுது. ஆவணம் அப்பிடியே கிடக்கு. அவையள் அதைப் பாத்து அனுப்பினம், கதவு மறுக்குது. பிறகு எனக்குப் பேச்சு."

பிரவீனன் அவளுடைய மேலதிகாரி. பெரிய படிப்பாம். நாய் செத்த பிறகும் பலகையைக் கழற்றாத இன்னொருவர்.

பெப்ரவரி 20

இப்போது கம்பனி முழித்திருக்கிறது. இனிமேல் ஆவணத்தைக் கையால் எழுதுவதில்லை, விதிகளிலிருந்தே செய்து எடுக்க வேண்டும். அதற்கென்று உலகம் முழுவதும் ஒரே மாதிரி வாசிக்கும் ஒரு வடிவம் இருக்கிறதாம். அறுபத்துநான்கு விதித்தாள்களை அந்த வடிவத்துக்கு மாற்றும் வேலை தர்சனாவின் தலையில். மார்ச் 31 கடைசி நாள்.

"முடிக்காட்டி கொழும்புக்கு வந்து ஒஃபிசில இருக்கட்டாம்" என்றாள். "வீட்டில இருந்து செய்யிறபடியாத்தான் எல்லாம் இழுபடுகுதாம்."

ஆவணத்தைப் பழுதாக்கியவர் ஒஃபிசில் இருந்தவர். அதற்குத் தண்டனை சரவணையில் இருப்பவளுக்கு.

ஆறு வருடம் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் இருந்தவள். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். "அந்த அறைக்குத் திருப்பிப் போகமாட்டன்" என்று சொல்லித்தான் இங்கே வந்தாள். போனால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் போவாள்.

பெப்ரவரி 26, புதன்

தாள்களை மாற்றுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. காலையில் ஓடவிட்டாள். மத்தியானச் சோற்றுக்கு முதல் அறுபத்துநான்கும் முடிந்தது.

"அப்ப ஏன் ஒரு மாதம் தந்தவையள்?"

அவள் மீன் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அந்த ஆவணத்தில் மூன்று மொழியிலும் விளக்கம் உண்டு. தமிழ்ப் பக்கம் சிலவற்றை அச்செடுத்து எனக்கு வாசிக்கத் தந்தாள். பால்மாப் பெட்டியை விட்டுவிடட்டாம்.

மார்ச் 3, திங்கள்

நான்கு நாளாக ஒரே தாளை வாசிக்கிறேன். நெடுந்தீவுக்கு மருந்து அனுப்பும் தாள். "மருந்தின் வகை: சாதாரணம் அல்லது குளிரூட்டப்பட்டது." "படகு: காலை அல்லது பின்னேரம்."

என் மச்சாள் அம்பிகை நெடுந்தீவில் இருக்கிறா. சீனி வியாதி. இன்சுலின் இந்தக் கம்பனி மூலம்தான் போகிறது. அதனால் எனக்கு ஒரு விதி தெரியும்.

"பிள்ளை, இன்சுலினைப் பின்னேரப் படகில விடமாட்டியள் எண்டு சொன்னனியெல்லோ?"

"ஓம். துறையில வெயிலுக்க கிடந்து பழுதாகும். காலைப் படகு மட்டும்தான். விதியில இருக்கு."

"இதில இல்லை."

"இருக்கும் அப்பா, வடிவாப் பாருங்கோ."

வடிவாகத்தான் பார்த்தேன். நான் வேறு மாதிரி வாசிக்கத் தெரியாதவன். ஒரு எழுத்தைக்கூடத் தாண்டிப் போக எனக்கு ஏலாது. அவள் வந்து பார்த்தாள். பிறகு லப்டொப்பில் பார்த்தாள். பின்னேரம் வரைக்கும் எழும்பவில்லை.

நடந்தது இதுதான். எத்தனை இலக்கம், எந்த வகை, கட்டாயமா இல்லையா என்ற மாதிரியான விதிகளைக் கருவி ஒழுங்காக எடுத்துவிடும். இரண்டு விடயத்தைச் சேர்த்துப் பார்க்கிற விதிகள் — இன்ன மருந்து என்றால் இன்ன படகு — தர்சனாவும் கூட வேலை செய்பவர்களும் தாங்களே தனியாக எழுதிச் சேர்த்தவை. அந்த வடிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. ஆகவே கருவி அதை விட்டுவிடுகிறது. விட்டேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

அப்படிப் பதினொன்று.

மார்ச் 5

முப்பத்தொரு வருடம் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு போகும் ஒரு தனியார் படகின் ஏணிப்படியில் நின்றேன். ரிக்கற்றின் நிறத்தைப் பார்த்து ஆட்களை ஏற்றுவது என் வேலை. பச்சை காலை, மஞ்சள் பின்னேரம். என் தலைக்கு மேலே விதிகள் எழுதிய பலகை ஒன்று. முதலாளி எனக்கு வாயால் சொன்ன விதிகள் வேறு.

"ஆடு ஏத்தப்படாது எண்டு பலகையில கிடக்கு, நீ ஏத்துறாய்!" என்று சனம் சண்டைக்கு வரும். நான் நிமிர்ந்து பலகையைப் பார்ப்பேன். வாசித்தவன் மாதிரித் தலையாட்டுவேன். பிறகு ஆட்டை ஏற்றுவேன்.

பலகை எழுதினவர் ஒருநாளும் ஏணிப்படிக்கு வந்ததில்லை. ஏணிப்படியில் நின்றவனுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் சனத்தைப் பேய்க்காட்டியிருக்கிறோம். இதில் நானும் சேர்த்தி என்பதை இன்றைக்குத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

தர்சனா பிரவீனனுக்குப் பதினொன்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: "அந்த வடிவத்தில அதுக்கு இடமில்லையெண்டால் விடும். ஆவணத்தை ஆர் வாசிக்கினம்?"

ஆர் வாசிக்கினமோ! நான் வாசிக்கிறன் ஐயா. நாலு நாள் இருந்து ஒரு தாள் வாசிச்சனான். லண்டனில இருக்கிற பிள்ளை பின்னேரப் படகெண்டு போட்டிட்டு, அம்மாவுக்கு மருந்து போகுது எண்டு நித்திரை கொள்ளும். இங்க கதவு திருப்பிவிடும். அம்பிகை ஊசி இல்லாமல் கிடப்பா. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு கம்பனி!

இதோடு கொப்பியை மூடுகிறேன். நாளைக்கு எழுதுவேன்.

மார்ச் 14

வடிவத்தில் பெட்டி இல்லாவிட்டாலும், விளக்கம் எழுத ஒரு இடம் இருக்கிறது. பதினொரு விதியையும் வசனமாக அங்கே எழுதப் போகிறாள். தனியே ஒரு கடதாசியில் அல்ல, அந்தந்த விதிக்குப் பக்கத்திலேயே. விதியை மாற்ற வருகிறவனுக்கு வசனமும் கண்ணில் குத்தட்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் வேண்டுமென்றே ஒரு பிழையான ஓடரை அனுப்பி, வசனம் சொன்னபடி கதவு மறுக்கிறதா என்றும் பார்க்கிறாள். மூன்று மொழி வேறு. நாளுக்கு ஒன்றுதான் முடிகிறது, சில நாள் அதுவும் இல்லை.

முதலாவது வசனத்தை எனக்குக் காட்டினாள். இருபத்தாறு சொல். இதை வாசித்து முடிப்பதற்குள் மருந்து பழுதாகிவிடும் என்றேன்.

"அப்ப நீங்களே எழுதுங்கோவன்!"

எழுதவில்லை. ஆனால் அவள் பதினொரு சொல்லுக்குக் குறைத்தாள்.

மார்ச் 19, புதன்

அவள் கிணற்றடியில் நின்ற நேரம் போன் அடித்தது. எடுத்தேன்.

"தர்சனா இருக்கிறாவோ? பிரவீனன் கதைக்கிறன்."

"ஓ, பலகைக்காரரோ?"

"எந்தப் பலகை ஐயா?"

"நீர் மூண்டு வருசத்துக்கு முதல் எழுதின பலகை. ஒருதரும் வாசிக்காயினம் எண்டால் ஏன் காணும் எழுதினனீர்?"

"ஐயா, இது தொழில்நுட்ப விசயம்..."

"எனக்கு எழுபத்திரண்டு வயசில எழுத்து வந்தது. உமக்கு அது எத்தினை வயசில போனது?"

அவர் போனை வைத்துவிட்டார். நான் நல்ல சந்தோசமாகத் தேத்தண்ணி ஊற்றினேன். தர்சனா ஈரத்தலையோடு வந்து விசயத்தைக் கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று விளங்கியது.

"அவர் என்னைக் கொழும்புக்குக் கூப்பிடுறதுக்கு ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார், அப்பா. நீங்கள் தட்டில வைச்சுக் குடுத்திருக்கிறியள்."

மார்ச் 21

தர்சனா கறியில்லாமல் புட்டு மட்டும் வைத்தாள்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். ஏழு வசனம் முடிந்திருக்கிறது. நான்கு இல்லை. கருவி தந்ததை அப்படியே அனுப்பட்டாம் என்று பிரவீனன் இரண்டு தரம் எழுதினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எழுதத் தேவையில்லை.

அவள் அனுப்பவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினொன்றும் முடிந்து இன்று அனுப்பினாள். பதில் அரை மணித்தியாலத்தில் வந்தது. நன்றி என்று ஒரு சொல். அடுத்த வரியில், மே 5 திங்கட்கிழமை தொடக்கம் கொழும்பு ஒஃபிசுக்கு வரவும்.

"நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கப்படாது" என்றேன்.

"கதைக்காட்டியும் இதுதான் வந்திருக்கும்" என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா தெரியவில்லை.

ஏப்ரல் 11

வெள்ளவத்தையில் அறை பார்க்கிறாள். அரியநாயகம் மதிலால் எட்டிப் பார்த்தான். முப்பது வருடம் கந்தோரில் கிளாக்காக இருந்தவன், நான் எழுதப் பழகியது அவனுக்கு இன்னும் பகிடி.

"நல்லதுதானே அண்ணை. கொழும்பில வாசிக்கிறதுக்கு எத்தினை போர்ட் இருக்கு!"

"ஓம் அரியம். எல்லாத்தையும் உன்னை மாதிரி ஆக்கள்தானே எழுதியிருப்பினம்."

அவன் போய்விட்டான். ஆனால் சாமான் கட்டுவது நிற்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பனியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு ஆள் வீட்டுக்கு வருவது. அதற்கு நாற்பது விதித்தாள். அதைக் கொழும்பிலேயே, ஒஃபிசிலேயே, பிரவீனன் ஒரே நாளில் கருவியால் மாற்றி வெளியே விட்டாராம். வசனம் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடாமல் செய்ய வேண்டிய பரிசோதனையைக் காலையில் மட்டுமே கேட்கலாம் என்பது கதவுக்குத் தெரியும், ஆவணத்துக்குத் தெரியாது. நாளுக்கு இருநூறு ஓடர் திரும்பி வருகிறது.

லண்டன் கம்பனியில் தனுசியா என்று ஒரு பிள்ளை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். தர்சனா எனக்கு வாசித்துக் காட்ட வந்தாள், நான் வாங்கி நானே வாசித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தாள். மருந்துத் தாள்களில் இரண்டு கிழமையாக ஒரு ஓடரும் திரும்பவில்லையாம். "அந்த விளக்கங்களை எழுதியவர் யார்? மற்ற நாற்பதையும் அவரிடமே கொடுங்கள்."

தர்சனா சிரிக்கவில்லை. "பிரவீனன் இன்னும் பதில் போடேல்லை" என்றாள்.

மே 2

அறைக்கு முற்பணம் கட்ட வேண்டாம் என்று கம்பனியிலிருந்து போன் வந்தது. ஏன் என்று சொல்லவில்லையாம். இவர்களுக்கு வாயாலும் முழுவதாகச் சொல்லத் தெரியாது.

மே 5, திங்கள்

காலை பத்து மணிக்குப் படலையில் ஒரு ஓட்டோ. மெல்லிய ஆள், முன்மயிர் கொட்டத் தொடங்கியிருக்கிறது. முதுகில் பை. இரவு முழுதும் பஸ்ஸில் வந்த முகம்.

"ஐயா, நான் பிரவீனன்."

போனில் கேட்ட அதே குரல். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உள்ளுக்கு வாரும்" என்றேன்.

தர்சனா தன் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருக்குக் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டாள். நாற்பது தாளையும் அவர் மேசையில் பரப்பினார்.

"கருவியை மூடிவையுங்கோ" என்றாள். "முதல் விதியை வாயால சொல்லுங்கோ. ஏன் அந்த விதி வந்தது எண்டும் சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது விதியில் நின்றுவிட்டார். "இது ஏன் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். அவள், ஆரைக் கேட்டால் தெரியும் என்று கேட்டாள். அவர் அந்த ஆளின் பேரை எழுதிக்கொண்டார். கையெழுத்து என்னுடையதைவிட மோசம்.

மத்தியானம் நண்டுக் குழம்பு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். நாற்பதும் முடிய இரண்டு கிழமை ஆகுமாம், யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து நாள்தோறும் வந்து போவாராம். வெயிலில் அந்தப் பஸ்ஸில் எதற்கு, சாமி அறை சும்மாதானே கிடக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், சொன்னது நானா என்று.

இரவு கட்டுவதற்கு அவர் சாறம் கொண்டுவரவில்லை. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் இரண்டு தரம் அவிழ்ந்துவிட்டது.