பழைய பல்லில் புதுச் செயின்

என் அருமை மாப்பிள்ளை சீனிக்கு,

நேற்று உன் அக்கா பேச்சி என் நெற்றியில் செம்பை விட்டெறிந்தாள். நான்கு தையல். ஏன் எறிந்தாள் என்பதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊரும் கேட்கட்டும் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் குன்றின்மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க ஆளுக்கொரு கியர் சைக்கிளில் கிளம்பினோம். நான் முன்னால், நீ பின்னால். ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது பிரேக் அலறியது. திரும்பினேன். மினிபஸ்ஸின் முன்சக்கரத்துக்கு அடியில் கிடந்தாய். உன் முகம் மட்டும் நன்றாக இருந்தது.

டிரைவர் குதித்து ஓடி வந்தான். "அண்ணாச்சி, நான் இடிக்கலை. எந்திரிச்சு நின்னு மிதிச்சாரு, பொசுக்குன்னு சரிஞ்சு டயருக்குள்ள வந்துட்டாரு" என்றான். காற்றடிக்கும் பம்பால் அவன் வாயில் அடித்தேன். மூன்று பல் தெறித்தது. விழுந்தவனை மிதித்தேன். நாலு பேர் சேர்ந்து இழுக்கும்வரை மிதித்தேன். அதிலும் வெறி அடங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், "பஸ் இடித்ததைக் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் பார்க்கவில்லை, மாப்பிள்ளை. சத்தத்தைத்தான் கேட்டேன்.

அவனுக்கு வேலை போயிற்று. கோர்ட்டுக்கு அலைகிறான். நன்றாக அலையட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

உன் சைக்கிள் இன்னும் ஸ்டேஷனில் கிடக்கிறது. என்னுடையதை அன்றிலிருந்து நான் தொடவில்லை. போன வாரம்தான் எடுத்தேன். ரயில்வே மேம்பாலத்தில் எழுந்து நின்று ஓங்கி மிதித்தேன். பின்னால் 'கடக்' என்றது. செயின் தாவியது. கால் வெறும் காற்றை மிதிக்க, நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதி, நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் லாரி ஏதும் வரவில்லை. வந்திருந்தால் நானும் உன் பக்கத்தில்தான்.

தார் ரோட்டில் கிடந்தபடியே உன் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், இரண்டு சைக்கிளுக்கும் நான்தானே புதுச் செயின் போட்டேன்? நீ என்ன சொன்னாய்?

"மச்சான், பின்னால உள்ள பல் செட்டையும் சேத்து மாத்தணும்னு கடைக்காரர் சொன்னாரு. காசெட்டு தேஞ்சு போச்சாம். மாத்தலைன்னா ஏறி மிதிக்கையில செயின் தவ்வுமாம்."

"ஏலே மாப்ள, முப்பது வருசம் மில்லுல ஃபிட்டரு நானு. எவன்ட்டயும் படிக்காம கையால கத்துக்கிட்டவன். இது இரும்புலே, தேயுமா? வாயப் பொத்திட்டு வீலப் பிடி."

"இரும்பு தேயும் மச்சான். உங்க வாய்தான் தேயாது."

சிரித்துக்கொண்டே பிடித்தாய். ஏன் சிரித்தாய்? ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? செயினைப் பிடுங்கி எறிந்திருக்கக் கூடாதா?

புதுக் காசெட்டும் செயினும் வாங்கி வந்து நேற்று என் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றினேன். பழைய செயினில் ஒரு துண்டை இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு முறுக்கி, பற்கள் சுழலாதபடி சுற்றி இழுத்துப் பிடித்து, அவற்றை இறுக்கியிருந்த பூட்டு வளையத்தை ஸ்பேனரால் திருப்பினேன். எலும்பு முறிவதைப் போல வெடித்துத் திறந்தது. விரல் முட்டி கிழிந்தது.

மண்ணெண்ணெயில் கழுவினேன். சின்னப் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கியாகி இருந்தன. பள்ளங்கள் அகன்று கிடந்தன. அன்று போட்ட செயினை அதன்மேல் சுற்றினேன். பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறி நின்றது. இழுத்தேன், தாவியது. பத்து முறை இழுத்தேன். பத்து முறையும் தாவியது. உன் சைக்கிளிலும் இதே போலத் தேய்ந்த பல்மேல்தான் புதுச் செயினைப் போட்டிருந்தேன்.

இதை நொறுக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டேன். ஒரு பல் பறந்தது.

"என்னத்தைப் போட்டு ஒடைக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து பேச்சி வந்தாள். சொன்னேன்.

"அப்ப அந்த டிரைவர் சொன்னது நெசமா?"

"ஆமா."

"கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே?"

"பாக்கலை."

அப்போதுதான் செம்பு வந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. "எந்தம்பிய நீதானய்யா கொன்னிருக்க! ஊரான் பல்ல வேற ஒடச்சுட்டு, எட்டு மாசமா என் கையால சோறு தின்னிருக்க!" நாற்பது வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கையைத் தூக்கவில்லை. தடுக்கவுமில்லை.

தையல் போட்டு வந்ததும் புதுக் காசெட்டை மாட்டினேன். புதுச் செயினையும் போட்டு, அதே மேம்பாலத்தில் ஏறி மிதித்தேன். தாவவில்லை. எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக இருந்தது. ஒரு மணி நேர வேலை, மாப்பிள்ளை. ஒரே ஒரு மணி நேரம்.

வக்கீலைப் பார்த்தேன். "ஐயா, பேசாம வீட்ல இருங்க. பொய் வாக்குமூலம்னு கேஸ் உங்க பக்கம் திரும்பிரும்" என்கிறார். திரும்பட்டும். அந்த டிரைவர் வேகமாக வந்தான், பிரேக் அலறிய அலறலே சொன்னது. அதை நான் விடமாட்டேன், கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் அவன் உன்னை இடித்தான் என்று இந்த வாயால் இனிச் சொல்லமாட்டேன். அவன் பல்லை உடைத்ததற்கு என்ன தண்டனையோ அதையும் வாங்கிக்கொள்வேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. உண்மையைச் சொல்ல வரும்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. உன் அக்காவும் வருகிறாள். செம்பை எறிந்ததிலிருந்து என்னோடு பேசாதவள், இன்று காலை சுவரைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள்: "ஒரு வார்த்தைய முழுங்கினாலும் அங்கேயே எந்திரிச்சு நான் சொல்லிருவேன்."

விழுங்க மாட்டேன், சீனி.

இப்படிக்கு,
உன்னைக் கூட்டிப் போய், திருப்பிக் கூட்டி வராத
உன் அக்கா புருஷன்