கிணறு இடம் மாறிய கல்லச்சுப் படம்

அனுப்புநர்:
மெஹர்னிசா,
(லேட்) அஸ்கர் அலியின் மனைவி,
4, பண்டகசாலைத் தெரு,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: 1831-ஆம் வருடக் கல்லச்சுப் படத்தை வாங்கிச் சென்று போலியைத் திருப்பித் தந்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டை ஒட்டி இறால் குளிர்பதனக் கிடங்கு கட்ட இடம் வாங்கியிருக்கும் தனியார் ஒருவர், எங்கள் வீடு வெறும் ஐம்பது வருடக் கட்டடம், எப்போது வேண்டுமானாலும் விழும், இடிக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார். 24.9.2007 அன்று விசாரணை. வீட்டின் பழமைக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி, வெள்ளைக்காரத் துரை ஒருவர் கல்லில் வரைந்து அச்சடித்த அதன் படம்.

2. இதை என் பதில் மனுவில் எழுதினேன். அதன் நகல் எதிர்த்தரப்புக்கும் போனது. நான்காம் நாளே, பழைய கட்டடங்களை ஆராய்கிறேன் என்று ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்! பேச்செல்லாம் தேன். மீஞ்சூரில் நகல் எடுத்து மூன்று நாளில் தருகிறேன் என்றார். நாஷ்டாவும் கொடுத்து, படத்தையும் கழற்றிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

3. சொன்ன நாளில் தந்துவிட்டார். அதே சட்டம், அதே பழுப்பு நிறம். ஆனால் ஐயா, தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் கிணறு வீட்டுக்கு இடப்பக்கம். பழைய படத்தில் அது வலப்பக்கம் இருக்கும். கல்லில் திருப்பி வரைந்தால்தான் அச்சில் நேராக விழுமாம். துரை திருப்பாமல், கண்ணால் கண்டது போலவே வரைந்துவிட்டார். என் கணவர் அதைக் கண்ணாடி வீடு என்பார். இப்போது வந்த படத்தில் கிணறு சரியாக இடப்பக்கம் இருக்கிறது! நகல் செய்தவர் தப்பென்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்.

4. இதை நான் விசாரணையில் நீட்டினால், புதுக் காகிதம் என்று எதிர்த்தரப்பே முதலில் சொல்லும். வீடும் போகும், பித்தலாட்டக்காரி என்ற பெயரும் வரும். அதற்காகவே செய்தார்கள் என்று சந்தேகிக்கிறேன். சந்தேகம் என்று எழுதுவது மரியாதைக்காக. பக்கத்து வீட்டு செண்பகம், "கரெக்டா தானே கீது, இன்னாத்துக்கு பேஜாரு?" என்கிறாள். கரெக்டாக இருப்பதுதான் ஐயா என் புகார்.

5. 1979-இல் எங்கள் திருமணத்தன்று எடுத்த போட்டோவில், எங்களுக்குப் பின்னால் பழைய படம் மாட்டியிருக்கிறது. கிணறு வலப்பக்கம் தெரிகிறது. நகல் இணைத்துள்ளேன். போட்டோவைக் கொடுக்க மாட்டேன், மன்னிக்கவும். நானே நேரில் கொண்டு வந்து காட்டுகிறேன்.

ஆகவே, என் படம் கிடைக்கும்வரை வீட்டின் மேல் கை வைக்க விடாதீர்கள். தங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, இப்போது வந்த படத்தோடு என் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். படமும் வீடும் ஒத்துப்போனால் அது என் படம் இல்லை.

இம்மனுவுக்கு முத்திரையிட்ட ரசீது கட்டாயம் வேண்டும்.

இடம்: பழவேற்காடு
நாள்: 17.9.2007

இப்படிக்கு,
(ஒப்பம்) மெஹர்னிசா