ரோஸ்மலரைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

என் ஆசை ஆக்னஸ்,

நீ போய் எட்டு மாதமாகிறது. அம்பிட்டிய மடத்தில் கன்னியராகப் பயில வந்த ஐந்து பிள்ளைகளையும் இப்போது நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் உன்னைத்தான் தேடுகிறார்கள். ஏன் தேடமாட்டார்கள்? நீ சிரித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் நான் முறைத்துக்கொண்டு சொல்கிறேன்.

புசல்லாவையிலிருந்து வந்த உன் செல்லப் பிள்ளை ரோஸ்மலர் என் உயிரை வாங்குகிறாள். காலைச் செபத்துக்குப் பிந்தி வருகிறாள், வந்தால் தூங்குகிறாள், கேட்டால் வாய்க்கு வாய் பேசுகிறாள். நீ இருந்தபோதும் அவள் அப்படித்தான். ஆனால் நீ திட்டுவதற்கு முன் பால் விடாமல் ஒரு கோப்பை பிளேன்டி ஊற்றிக் கொடுப்பாய். அவள் குடித்து முடிக்கும்போது உனக்குத் திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனக்கு அந்தப் பொறுமை எங்கே?

துறவற வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் ஒவ்வொருத்தியைப் பற்றியும் தலைமை மதருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், உனக்குத் தெரியும். ரோஸ்மலர் துறவறத்துக்கு ஏற்றவள் அல்ல, வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டேன். வழக்கப்படி அவளைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, வாசித்துக் காட்டினேன். கீழே அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பேனையைத்தான் எடுத்தாள்.

"எல்லாம் சரிதான் சிஸ்டர். ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஆக்னஸ் சிஸ்டர அடக்கம் பண்ணுன அன்னைக்கு என்னைய ஏன் அழ விடல?"

உன் அடக்கத் திருப்பலியில் பாடியது நம் பிள்ளைகள். பாட்டுக் குழம்பிவிடக் கூடாதே என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை. விம்மத் தொடங்கியவளை, அழுவதென்றால் வெளியே போ என்று வரிசையிலிருந்து அனுப்பினேன். உன்னை மண்ணுக்குள் இறக்கும்போதும் அவள் கோயிலுக்குப் பின்னால் தனியே நின்றிருக்கிறாள். கடைசியாக உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக எனக்கு இது தெரியாது ஆக்னஸ். கேட்டிருந்தால்தானே தெரியும்!

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"நானும் இன்னும் அழேல்லை, பிள்ளை" என்றுதான் வந்தது.

பிறகு இரண்டு பேரும் அழுத அழுகையில் பகல் சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

அவள் திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்படாதே. மறுநாளும் செபத்துக்குப் பிந்தித்தான் வந்தாள், வாயும் குறையவில்லை. ஆனாலும் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கிறேன். அவளுக்கா எனக்கா என்று நீ கேட்பாய், எனக்கே தெரியவில்லை. மதர் சம்மதிப்பாரா? நான் இவளோடு ஒரு வருடம் கோபப்படாமல் இருப்பேனா? இதையெல்லாம் உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? கண் உன்னைத் தேடுகிறது ஆக்னஸ்.

வருகிற ஞாயிறு ரோஸ்மலரை உன் கல்லறைக்குக் கூட்டி வருவேன். பாட்டெல்லாம் கிடையாது. அவள் அழுது முடிக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நிற்பேன். இது சத்தியம்.

உன் கோபக்கார அக்கா,
தெரேசா