தவழும் குழந்தைப் படத்துக்கு நீ போட்ட கணக்கு

இன்று ஆடிப் பதினெட்டு. உங்கள் அச்சகத்தில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூசையில் வைத்துப் பிரித்தார்கள். மையும் வார்னிஷும் சாம்பிராணியும் சேர்ந்து மூக்கில் ஏற, எனக்குத் தும்மல் வந்தது. நீ இருந்திருந்தால், சாமி மேல தெறிக்காமத் தும்மு பிள்ள என்றிருப்பாய். அப்படிச் சொல்ல இன்று யாரும் இல்லை. அதனால் தும்மலை அடக்கிக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சிவகாசி என்றால் வெடி. நமக்கு அது சாமிகளின் தேர்தல் நடக்கும் ஊர். ஆடியில் மாதிரிச் சாமிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைப் பார்த்து ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். மார்கழிக்குள் லோடு போயாக வேண்டும். கடைசி ஆர்டர் வரும்வரை காத்திருந்தால் படம் அச்சாகி முடியாது. எந்தப் படம் எத்தனை ஓடும் என்று முன்னாலேயே ஊகித்து அடித்துவிட வேண்டும். உங்க அப்பா கண்ணை மூடி, ஆல்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, இந்த வருசம் முருகன்தான் என்பார். நான் பக்கத்தில் நின்று, முருகன் முன்னிலை, பிள்ளையார் பின்னடைவு என்று செய்தி வாசிப்பேன்.

நீ மட்டும் சிரிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாய். ப்ளஸ் டூ பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ஐந்து வருடத்து ஆர்டர் சீட்டுகளை அதில் ஏற்றினாய். நான் வாசிக்க, நீ தட்டினாய். போன வருடத்துக்கு எடை கூட, அதற்கு முந்தைய வருடத்துக்குக் கொஞ்சம் குறைய என்று வைத்துச் சராசரி எடுத்தாய். சராசரி என்றால் அதில் பாதிதானே சரி என்று நான் கடித்தபோது ரப்பர் பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. பிறகு கழிவுத் தாளின் பின்பக்கம் கிளை கிளையாக வரைந்து காட்டினாய். கூட அடித்தால் படம் விற்காமல் கிட்டங்கியில் அடைந்து கிடந்து மங்கும். குறைய அடித்தால் ஏஜெண்ட் அடுத்த அச்சகத்துக்குப் போய்விடுவார், திரும்பியும் வரமாட்டார். "எது பெரிய வலின்னு பாத்துட்டுத்தான் பிள்ள, எம்புட்டு அடிக்கணும்னு சொல்லணும்."

உங்க அப்பா ஒரு வாரம் அந்தத் தாளையே முறைத்துப் பார்த்தார். அப்புறம்தான் அந்தப் பேச்சைச் சொன்னார். "இந்த வருசம் நீ சொல்றத அடிப்போம். தேறுச்சுன்னா மதுரைக்குப் போயி அந்தப் புள்ளியியலப் படி. தேறலன்னா இங்கனயே ஆபீசப் பாத்துக்க."

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு குறும்பு செய்தேன்.

அந்த வருட ஆல்பத்தில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. முகம் அச்சு அசல் நம் கணக்கு வாத்தியார். அது வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஆடிப் பதினெட்டு அன்று காரியாபட்டி ஏஜெண்டுக்குக் காப்பி கொடுக்கும்போது, "அண்ணாச்சி, அந்தக் குழந்தை படம் பாதிக்கு மேல போயிருச்சு, யாருட்டயும் சொல்லிராதீக" என்றேன். அவர் எல்லாரிடமும் சொன்னார். சாயங்காலத்துக்குள் முருகனையே அந்தக் குழந்தை தாண்டிவிட்டது.

நீ சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தாய். ஐந்து வருடத்தில் எந்தக் குழந்தையும் இப்படித் தவழ்ந்ததில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்.

"ஏ பிள்ள, இது நீயா?"

நான் இல்லை என்றேன். இரண்டாவது முறை கேட்பாய், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை.

கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து இரண்டு பங்காகச் சொன்ன ஏஜெண்டுகள், கார்த்திகையில் ஒவ்வொருவராக, குழந்தையைக் குறைச்சுக்கோங்க என்று போன் போட்டார்கள். என்னால் உன் மதுரைப் படிப்பு போகப்போகிறது என்று இரண்டு நாள் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தால், கிட்டங்கியில் ஒரே ஒரு சின்னக் கட்டுதான் மிச்சம். நீ முதலிலேயே குறைத்துத்தான் அடிக்கச் சொல்லியிருந்தாய். உங்க அப்பா அந்தக் கட்டைக் காலால் தட்டி, தேறிட்டா என்றார். நான் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்குப் போனாய். ஹாஸ்டலிலிருந்து மிஸ்டு கால் விடுவாய். ஒன்று என்றால் நலம், இரண்டு என்றால் சாப்பாடு மோசம். போன ஐப்பசியில் காய்ச்சல் என்றார்கள். ஒன்பது நாள். அப்புறம் உன் எண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை, இரண்டும் வரவில்லை.

இன்று பூசை முடிந்ததும் உங்க அப்பா, "அவ போட்ட கணக்கத் தெறந்து பாரு தாயி, இந்த வருசம் நீ சொல்லு" என்றார். திறந்தேன். ஏஜெண்ட் ஆர்டருக்குப் பக்கத்தில் 'எவ்வளவு நம்பலாம்' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறாய். எல்லாப் படத்துக்கும் பத்துக்கு எட்டு. குழந்தைப் படத்துக்கு மட்டும் பத்துக்கு நாலு. அதன் பக்கத்தில் என் பெயர்.

தெரிந்திருக்கிறது உனக்கு. தெரிந்தும் திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. என்னையும் ஒரு கட்டத்தில் போட்டு, கழித்துவிட்டு, வேலையைப் பார்த்திருக்கிறாய். நாலு என்பது கணக்கில் நான் வாங்கியதைவிட அதிகம் என்று சிரிக்கத்தான் பார்த்தேன். எழுத்துகள் கலங்கிவிட்டன.

ஏன் அழுகிறாய் என்று உங்க அப்பா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி, காரியாபட்டி, நான் இல்லை என்று சொன்னது வரை. கொஞ்ச நேரம் ஆல்பத்தையே தடவிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எம் பேச்சுக்கு எம்புட்டுப் போட்டிருக்கா?"

கீழே இறங்கிப் பார்த்தேன். 'அப்பா சொல்வது' என்று இருந்தது. பத்துக்கு மூன்று. என்னைவிட ஒன்று குறைவு. அவர் கண்ணாடி பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுக்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது, மாமா" என்றேன்.

தலையை மெதுவாக ஆட்டினார். ஐப்பசிக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆல்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, ஆரம்பி தாயி என்றார்.

ஆரம்பித்தேன். மூன்றை மூன்றாகவே வைத்துத்தான் கணக்குப் போட்டேன், பயப்படாதே. வாயால் சொன்ன ஒன்பதுக்கு நீ எவ்வளவு போடுவாயோ, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.