பின்பாட்டை எடுத்துவிட்டார்கள்

மெம்ஃபிஸ், 1967

மார்ச் 3, வெள்ளி

பகல் முழுக்க ஓட்டல் சலவையறையில் படுக்கை விரிப்பு மடித்தேன். மாலையில் ஸ்டுடியோ. கொரின் பாட்டு இசைத்தட்டாகப் போகிறது, கேட்டுவிட்டுப் போங்கள் என்று ஸ்டுடியோக்காரர் லேதம் கூப்பிட்டிருந்தார். பாடியது என் தங்கை கொரின். பின்பாட்டு நானும் சித்தி மகள் மோஸெலும்.

கேட்டோம். நாங்கள் இல்லை! எங்கள் குரலைத் தனி மைக்கில் பதிந்து வைத்திருந்தாராம், அதை மட்டும் அழித்துவிட்டார்.

"கோவிச்சுக்காத வெர்டீ. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா சர்ச் மாதிரி ஆயிடுது. அவ தனியா நின்னாத்தான் எடுபடும்" என்றார்.

சர்ச் மாதிரி ஆனால் என்ன குடி முழுகிவிட்டது?  கொரின் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 4

மீன் பொரித்தேன். கருக விட்டேன். மோஸெல் இனி ஸ்டுடியோப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாளாம்.

மார்ச் 5, ஞாயிறு

எங்கள் சர்ச்சில் தனியாகப் பாட நிற்பவரை யாரும் தனியாக விடுவதில்லை. ஒரு வரி பாடி நிறுத்தினால் பெஞ்சிலிருந்து பதில் வந்தாக வேண்டும். கொரினுக்குப் பதில் சொல்வது நான்தான், அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோதிலிருந்து.

இன்று அவள் பாடி நிறுத்தியபோது வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றுதான். மற்றவர்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

சீ, நானும் ஒரு மனுஷியா.

மார்ச் 16

சலவையறை ரேடியோவில் பாட்டு வந்தது. இஸ்திரி போடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நல்லாயிருக்கு. நாங்கள் இல்லாமலே நல்லாயிருக்கு. நான் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, அங்கேதான் பாட்டு ஆளை இழுக்கிறது. அப்போ லேதம் சொன்னதுதான் சரியா? இத்தனை வருஷம் நான் அவள் பாட்டைக் கெடுத்துக்கொண்டா இருந்தேன்?

மார்ச் 19

தூக்கம் இல்லை. மோஸெல் வீட்டில் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம். கொரின் ஏன் அங்கே நிறுத்துகிறாள்? சும்மாவா நிறுத்துகிறாள்? எனக்காகத்தான் காத்திருக்கிறாள்!

அப்புறம் ஒலிபெருக்கிப் பெட்டியில் காதை ஒட்டவைத்தேன். ரொம்ப மெலிசாக — நான். ஒரே அறையில்தானே நின்று பாடினோம், அவள் மைக்கில் என் குரலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. அவள் குரலை அழிக்காமல் அதை அழிக்க முடியாது.

மோஸெல் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். பொறாமை.

ஏப்ரல் 11

கொரின் வந்தாள். அடுத்த பாட்டுக்கு மூன்று நாளாகத் தனியாக நின்று பார்க்கிறாளாம், சரியாக வரவே இல்லையாம். லேதம் எங்களை அழைத்துவரச் சொன்னாராம். எங்களுக்கு மைக் கிடையாது, பக்கத்தில் நின்றால் போதுமாம்.

"சும்மா நிக்கிறதுக்கு நான் என்ன கோட் மாட்டுற கம்பமா?"

"அன்னிக்கு நான் வாயத் தெறக்கலதான்" என்றாள். "சர்ச்ல நீயும் தெறக்கல. சரியாப் போச்சா அக்கா?"

சரியாகப் போகவில்லை. இருவரும் அழுதோம். என் குரல் அவள் மைக்கில் கிடக்கிற கதையைச் சொன்னேன். மோஸெல் வீட்டுக்குக் கூட்டிப்போய் இசைத்தட்டைப் போட்டேன், அவளும் பெட்டியில் காதை ஒட்டவைத்தாள். மைக் வைத்தால்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

மோஸெலையும் இழுத்துக்கொண்டு போனேன். மைக் வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒன்று, தூரத்தில், சுவர் ஓரமாக. "பாடுங்க, வேணுமா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் லேதம். அவர் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

கொரின் திரும்பினாள். "ரெண்டு பேரும் இங்க வாங்க. என் மைக்குக்கு."

"அப்படிப் பாடினா அப்புறம் பிரிக்கவே முடியாது கொரின்" என்றார் லேதம்.

"தெரியும் சார்."

மூன்று பேரும் ஒரே மைக்கில் முட்டிக்கொண்டு நின்றோம். மோஸெலின் முழங்கை என் விலாவில். கொரின் பாடி நிறுத்தினாள். உடனே பதில் சொல்ல வாய் துடித்தது, சொல்லவில்லை. அந்த வெறுமையைக் கொஞ்சம் இருக்க விட்டேன். அவள் பயப்படவில்லை, காத்திருந்தாள்.

பிறகு சொன்னேன்.